ஞாபகத்துக்கு வராத கை

கணினித் திரையின் அடியில் நீலக் கோடு ஒன்று மெல்ல நீண்டுகொண்டிருந்தது. அதற்கு மேலே, ஷேடர்கள் தயாராகின்றன, சற்றுப் பொறுக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கோகிலவாணி அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டாம் என்று அண்ணனின் பிடரியைப் பார்த்தாள். பிடரியையும் பார்க்க முடியாமல் சுவரில் தொங்கிய நூல் மில் காலண்டரைப் பார்த்தாள். காலண்டரில் பார்க்க ஒன்றும் இல்லாததால் மறுபடியும் கோட்டிடமே வந்து சேர்ந்தாள். பாதிகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வயிற்றில் நாட்டுக்கோழிக் குழம்பின் கனம், ஜன்னலுக்கு வெளியே திருப்பூர் வெயில், எதிர்ச்சந்தில் ஞாயிறென்றும் பாராமல் ஓடும் தையல் மெஷின்களின் இரைச்சல். முதல் தடவை திறக்கும்போது விளையாட்டிலுள்ள வெளிச்சம், நிழல், தண்ணீரின் மினுக்கு எல்லாவற்றையும் ஒவ்வொரு கணினியும் தன் உறுப்புகளுக்குத் தக்கபடி சமைத்துக்கொள்ளும் நேரம் இது. டிவியில் மாட்டி ஆடும் கன்சோலில் இந்தக் காத்திருப்பு கிடையாது. ஓசாகாவில் இருந்தாலும் ஒட்டன்சத்திரத்தில் இருந்தாலும் கன்சோல் என்பது ஒரே பெட்டி, உள்ளே ஒரே உறுப்புகள், கையில் ஒரே பிடி. எல்லாவற்றையும் அங்கேயே சமைத்து அனுப்பிவிடலாம். கணினிக்கு அப்படி முடியாது. எந்த வீட்டில், எந்த மேசைமேல், எத்தனை வருடப் பழைய பெட்டி காத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும். விளையாட்டுகள் செய்யும் தன் அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வாணி இதைத்தான் முதல் நாள் சொல்வாள். கன்சோலுக்கு எழுதும்போது எதிரில் யார் என்று தெரியும், கணினிக்கு எழுதும்போது தெரியாது, தெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள் என்பாள். சொல்லும்போது தன் குரல் தனக்கே பிடிக்கும். இப்போது அந்தக் குரல் உள்ளே கேட்டதும் காது மடல் சுட்டது.

"பெரிய கேமுன்னா இப்படித்தான், நிதானமாத்தான் எந்திரிக்கும்," என்றான் பூபதி, திரும்பாமலேயே. அவன் வலது கை மவுஸின் மேல் இருந்தது. இடது கையைச் சற்று முன்புதான் வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், கடையிலிருந்து வாங்கிவந்த ஒரு பொட்டலத்தை வைப்பதுபோல. பல்லடம் சாலையில் லாரி ஒன்று இடித்துத் தள்ளியதில் தோள்பட்டையிலேயே நரம்புகள் அறுந்து போய்விட்டன. கை இருக்கிறது, நகம் வளர்கிறது, வியர்க்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் போட்டு விளக்கிவிட்டுப் போனபின் அவன் முதலில் சொன்னது, "வாணி, கன்ட்ரோலர் போச்சு" என்றுதான். அதற்கு அண்ணி சுதாமணி அழுதாள். வாணி சிரித்தாள், சிரித்தபிறகு வராந்தாவில் போய் நின்று அழுதாள். கன்சோலின் பிடியான கன்ட்ரோலர் என்பது இரண்டு கைக்கும் சேர்த்துச் செய்த பொருள், இடது கட்டைவிரல் நடக்க, வலது கட்டைவிரல் பார்க்க, விரல்கள் நான்கும் அடிக்கவும் தடுக்கவும். அவன் வீடு திரும்பிய கொஞ்ச நாளில் கன்சோலை விற்றுவிட்டுக் கணினி வாங்கினான். ஏனென்று கேட்டதற்கு, கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஒரு பக்கமா நகத்தி வெச்சுக்கலாமல்ல என்றான். ஆமாம், நகர்த்திக்கொள்ளலாம். எந்த வேலையை எந்த விசை செய்ய வேண்டும் என்று ஆடுகிறவனே மாற்றிக்கொள்ளலாம். ஒரு தீபாவளிக்கு, கட்டைவிரல் படும் பக்கத்தில் சோளமணிபோல வரிசையாகப் பொத்தான்கள் உள்ள மவுஸ் ஒன்றை வாணிதான் வாங்கி வந்தாள். நடக்க இது, குதிக்க இது, தடுக்க இது என்று வேறொரு விளையாட்டில் அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனுடைய வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். அன்று அவன் ஆடியதை வீடியோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். எவ்வளவு அருமையான தங்கச்சி என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த வார்த்தைகளை அவள் எத்தனை முறை திறந்து படித்தாள். போதும், அதை இப்போது நினைக்க வேண்டாம். கோடு முடியப்போகிறது. முடியாமல் இருந்தால் தேவலை. கரண்ட் போகலாம். கிராபிக்ஸ் கார்டு போதவில்லை என்று சொல்லிக் கணினி கைவிரிக்கலாம். அவள் மனம் இப்படி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கோடு நிறைந்து, கடல் வந்துவிட்டது.

பாதி மூழ்கிய நகரம், உப்புப் படிந்த கோபுரங்கள், கையில் கொக்கி ஈட்டியோடு ஒரு காவல்காரன். விளையாட்டின் பெயர் 'சால்ட் வார்டன்.' இரண்டு வருடத்துக்கு முன் கன்சோலில் வந்து நல்ல பெயர் வாங்கியது. அதைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலைதான் கோயம்புத்தூரில் வாணியின் அலுவலகத்துக்கு வந்தது. விசைப்பலகை, மவுஸ் இரண்டும் அவள் பொறுப்பு. "நல்லாருக்கே," என்றான் பூபதி. குரலில் ஒரு பெருமை, தன் வீட்டுப் பந்தியில் பாயசம் நன்றாக அமைந்துவிட்டதுபோல. தண்ணீரில் ஒளி நடுங்கியது. ஓரிடத்தில் படம் ஒரு கணம் திக்கி மறுபடி ஓடியது. திரையோரத்தில் கதவைத் திறக்கச் சதுரப் பொத்தானை அழுத்தவும் என்று வந்தது. விசைப்பலகையில் சதுரப் பொத்தான் என்று ஒன்று ஏது, அது கன்சோலின் பிடியிலுள்ள குறி. அந்தக் குறிகளை மாற்றுவது வேறொருவரின் வேலை, ஓரிரண்டு விட்டுப்போயிருக்கிறது. அந்தத் தப்பைக் கண்டதும் வாணிக்குள் ஏதோ ஒன்று இளகி மூச்சு விட்டது. பார், மற்றவர்களும் விட்டிருக்கிறார்கள். படம் திக்குவதும் என்னால் இல்லை. அடுத்தவருடைய தப்புகளைத் தேடி அவள் கண் திரை முழுக்க ஓடியது, அங்கே நிழல் விழும் பக்கம் சரியில்லை, இங்கே எழுத்து மிகச் சிறியது, சேர்த்துச் சேர்த்துத் தன் தப்பின்மேல் போட்டு மூடிவிடலாம் என்பதுபோல. அதைச் செய்கிறோம் என்று தெரிந்ததும் துப்பட்டாவை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். பூபதி மவுஸை அசைத்தான், காவல்காரன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தான். பொத்தானை அழுத்தினான், ஈட்டி காற்றைக் குத்தியது. பார்க்கிறான், குத்துகிறான். நடக்க மட்டும் முடியவில்லை. நடப்பதற்கான நான்கு எழுத்துகளும் விசைப்பலகையின் இடது கோடியில் இருந்தன. காவல்காரன் கரையில் நின்ற இடத்திலேயே நின்று, வராத எதிரியைக் குத்திக்கொண்டிருந்தான்.

அவன் அமைப்புகளைத் திறந்தான். ஒலி, படம், மொழி, கட்டுப்பாடு. கட்டுப்பாட்டுக்குள் போனால் விசைப்பலகையின் அழகான படம், ஒவ்வொரு விசைக்கும் ஒரு அம்பு, அம்பின் முனையில் அது செய்யும் வேலை. பார்க்கலாம், தொட முடியாது. அந்தப் படத்தை வரைந்து கொடுத்த பையனிடம் நிறம் இன்னும் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும் என்று திருத்தம் சொன்னது வாணிதான். எத்தனை கவனம், நிறத்தில். பூபதி அம்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தான். ஒன்றும் நகரவில்லை. முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தான். "எங்கயாச்சும் உள்ள வெச்சிருப்பாங்க," என்றான். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, "வாணி, இது நீ பாத்த பகுதிதான? விசை மாத்தறது எங்க இருக்கு?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான், உப்பு டப்பா எங்கே என்று கேட்பதுபோல. அவள் வாய் அவளைக் கேட்காமலேயே திறந்தது. "அது அடுத்த அப்டேட்ல வருதுண்ணா." சொல்லிவிட்டாள். எவ்வளவு சுலபமாக வந்தது. அப்படி ஒரு அப்டேட் எந்தத் திட்டத்திலும் இல்லை. வேலை முடிந்தது, குழு கலைந்து ஆளாளுக்கு அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். "ஓ, வருதா," என்றான் அவன். அவளை ஒரு கணம் பார்த்தான், பிறகு திரைக்குத் திரும்பினான். அந்த ஒரு கணத்தில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை, வெறும் பார்வை. இல்லை, ஏதோ இருந்தது. "வெளிய இருந்து விசை மாத்தற சின்ன சாஃப்ட்வேர் ஒண்ணு வெச்சிருக்கேன், அதைப் போட்டுப் பாக்கறேன்," என்று அதைத் திறந்தான். உடனே விளையாட்டு நின்று, ஏமாற்று மென்பொருள் கண்டறியப்பட்டது என்று ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. தானாக மூடிக்கொண்டது. பூபதி சிரித்தான். "திருடங்கறான் பாரு என்னை." அவளும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போகத் தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் மறுபடி விளையாட்டைத் திறக்கிற நேரத்துக்குள் அவள் மனதால் அலுவலகத்தின் அந்தப் பழைய மீட்டிங்குக்குப் போய்விட்டாள். காலையிலிருந்து எத்தனையாவது முறை. கண்ணாடி அறை, நீள மேசை, நடுவே அட்டைப்பெட்டியில் முட்டை பப்ஸ். வெளியீட்டுத் தேதியைத் தள்ள முடியாது என்று குழுத் தலைவர் கிளெமென்ட் சார் சொல்லிவிட்டார். ஏதாவது ஒன்றை விட்டால்தான் மற்றது முடியும், எதை விடலாம் என்று எல்லோரையும் பார்த்தார். ஃபர்சானா, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், வாணியைப் பார்த்து, விசை மாற்றத்தை மட்டும் விடவேண்டாம் மேடம், கம்ப்யூட்டரில் ஆடறவங்க முதலில் அதைத்தான் தேடுவாங்க என்றாள். அப்போது வாணி சொன்னாள். "இதை யாரும் கீபோர்ட்ல ஆடப்போறதில்ல. எல்லாரும் கன்ட்ரோலரைச் சொருகிடுவாங்க." கிளெமென்ட் சார் தலையாட்டினார். யாரோ சிரித்தார்கள். ஃபர்சானா குனிந்து பப்ஸின் மேல்தோலைப் பிய்த்தாள். முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வாணிக்கு எல்லாம் நினைவிருக்கிறது, மேசைமேல் சிந்திய பொறுக்குகள், ஏசியின் சத்தம், சொன்னவுடன் தனக்குள் பரவிய அந்த நிம்மதி, இரண்டு வாரம் இரவு கண் விழிக்க வேண்டாம் என்ற நிம்மதி. அண்ணன் எங்கே இருந்தான் அந்த அறையில்? அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். அவன் முகம் ஒரு நொடி வந்திருக்க வேண்டும், வந்ததை அவள் தள்ளிவிட்டிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் அது ஒரு பாவம், பாவத்துக்கு ஒரு உருவம் இருக்கும், பிடித்துக்கொண்டு அழலாம். அந்த நிமிடத்தை அவள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், துணியை உதறிக் காசு விழுகிறதா என்று பார்ப்பதுபோல. விழவில்லை. அவன் வரவே இல்லை. தினமும் காலையில் போனில் பேசுகிற அண்ணன், மடியில் கையைத் தூக்கி வைத்துக்கொள்கிற அண்ணன், அவளே பொத்தான் பொத்தானாக மாற்றிக்கொடுத்த அண்ணன். கன்ட்ரோலரைச் சொருகிடுவாங்க என்று வாய் சொன்னபோது, கன்ட்ரோலர் போச்சு என்று சொன்னவன் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்படியானால் அந்த வீடியோ? அந்த அருமையான தங்கச்சி? அவள் யாருக்காக அதைச் செய்தாள்? இங்கே வந்ததும் எண்ணம் முள்ளில் மாட்டிய நூல்போல நின்றது, இழுத்தால் மேலும் இறுகியது. மறுபடி கண்ணாடி அறைக்கே போனாள். பப்ஸ், பொறுக்குகள், ஏசி. வரவில்லை.

"வா இங்க," என்று பூபதி கூப்பிட்டதில் திடுக்கிட்டாள். "நீ நட, நான் அடிக்கறேன்." பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். அவள் போய் உட்கார்ந்து, இடது கை விரல்களை அந்த நான்கு எழுத்துகளின்மேல் வைத்தாள். அவனுடைய இடது கை அவளுடைய முழங்கைக்குக் கீழே அவன் மடியில் கிடந்தது, குளிர்ந்து, உள்ளங்கை மேலே திரும்பி. அதில் படாமல் இருக்கத் தோளை ஒடுக்கிக்கொண்டாள். பட்டால் அவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். "முன்னால போ," என்றான். போனாள். "இடது பக்கம். இடதுன்னா சோத்தாங்கைப் பக்கம் போறியே." உப்பு மூடிய படிக்கட்டு, அதன் உச்சியில் நண்டு ஓடு போர்த்திய ஒரு பெரிய உருவம். அது கையை ஓங்கும்போது அவன் "விலகு" என்றான். அவள் அழுத்துவதற்குள் விழுந்துவிட்டது அடி. காவல்காரன் செத்தான். மறுபடி கரை. "முன்னால, முன்னால, இப்ப விலகு." செத்தான். இப்படிப்பட்ட விளையாட்டில் எதிரி கை ஓங்குவதைக் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஒரு இமைப்பொழுதுதான் இருக்கிறது. அந்த இமைப்பொழுது கணினியிலும் கன்சோல் போலவே வாய்க்க வேண்டும் என்று அவள் மாதக்கணக்கில் அளந்து சரிசெய்திருந்தாள். அது நன்றாகவே வந்திருந்தது. ஒரே உடம்புக்குள் கண்ணும் விரலும் இருக்கிறவர்களுக்கு நன்றாக வந்திருந்தது. இங்கே அவன் பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும், அவள் கேட்க வேண்டும், பிறகு அழுத்த வேண்டும். இமைப்பொழுதில் இத்தனைக்கு இடமில்லை. நான்கைந்து முறை செத்தபின் அவன் பொறுமையாக, "நீ நல்லாத்தான் பண்ணுற, அது வேகமா இருக்குது," என்றான். அந்தச் சமாதானம்தான் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

சமையலறையில் சுதாமணி அண்ணி பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். வாணியின் முகத்தைப் பார்த்தாள், சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வாணி குடித்தாள். தொண்டையில் இறங்குகிற சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது. "ஆட முடியலையாக்கும்," என்றாள் அண்ணி. "அது அவருக்குத் தெரியும் வாணி. வாங்கினவங்க எல்லாம் நெட்டுல திட்டி எழுதியிருந்தாங்களாமா, விசை மாத்த முடியாதுன்னு. அதைப் படிச்சுட்டுத்தான் வாங்குனாரு. ஆடவே முடியாதுன்னா எதுக்குங்க இத்தன காசு போட்டு வாங்கறீங்கன்னு கேட்டேன். அவ செஞ்சதுடி, வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்னாரு." பால் பொங்கி வந்தது, அண்ணி அடுப்பைச் சிறிதாக்கினாள். "உங்கிட்ட இதைச் சொல்லக்கூடாதுன்னாரு. நான் சொன்னேன்னு சொல்லிராத." வாணி சொம்பை மேடைமேல் வைத்தாள். சரியாக வைத்தாளா என்று மறுபடி தொட்டுப் பார்த்தாள். தெரிந்துதான் கேட்டிருக்கிறான். விசை மாத்தறது எங்க இருக்கு. உப்பு டப்பா எங்கே என்பதுபோலக் கேட்டான், இல்லாத டப்பா என்று தெரிந்தே கேட்டான். அவள் சொல்வதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டான். அவள் அந்த வாசலில் நின்றுகொண்டு அடுத்த அப்டேட்டில் வருகிறது என்றாள். ஓ, வருதா என்றான். அந்தப் பார்வை. இப்போது அதில் என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டது, தெரிந்ததும் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவி, அப்படியே தெருவில் இறங்கி வீரபாண்டிப் பிரிவுவரை நடந்து பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தது. பையை அப்புறம் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். காலில் செருப்பில்லாமல் அந்த வெயிலில் நடப்பதைக்கூட மனம் பார்த்துவிட்டது. கால் நகரவில்லை. அண்ணி டம்ளர்களை வரிசையாக எடுத்து வைத்தாள். "காப்பி கலக்கிக் கொண்டாறேன், நீ போய் உக்காரு போ," என்றாள்.

சமையலறையிலிருந்து கணினி அறைக்குப் பத்தடி இருக்கும். அதற்குள் அவள் மனம் நாளைக்கே போய்விட்டது. அதே கண்ணாடி அறை, எதிரில் கிளெமென்ட் சார். சார், எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், அவனுக்கு ஒரு கை வராது என்று தொடங்குவாள். எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். குரல் கொஞ்சம் உடையும், உடையட்டும், உடைந்தால் நல்லது. ஃபர்சானாவின் கண் கலங்கும். கிளெமென்ட் சார், இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே வாணி என்று மெதுவாகச் சொல்வார். இரண்டு பேரைத் திருப்பி அந்த வேலைக்குப் போடுவார். விசை மாற்றம் வரும். எல்லோரும் அவளிடம் வந்து தோளைத் தொடுவார்கள். தொடுகிற இடம்வரை போய்விட்டுத்தான் அவள் நின்றாள். நிலைப்படியில் கை ஊன்றி நின்றாள். இதிலும் நீ நல்லவளாக வந்து முடிகிறாய். இதிலும்.

பூபதி விளையாட்டை நிறுத்தி வைத்திருந்தான். கரையில் காவல்காரன் அசையாமல் நின்றான், அவன் காலடியில் அலை மட்டும் வந்து வந்து போனது. வாணி நாற்காலியில் உட்காரவில்லை. "அண்ணா, அப்டேட்டெல்லாம் ஒண்ணும் வரல," என்றாள். அவன் "ம்" என்றான். "அதை விட்றலாம்னு சொன்னதே நான்தான். மீட்டிங்ல." மறுபடியும் "ம்." மவுஸின் மேலிருந்த கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டான். "எதுக்குச் சொன்ன?" என்றான். அவளிடம் காரணங்கள் இருந்தன, தேதி இருந்தது, ஆள் பற்றாக்குறை இருந்தது, எல்லாம் நாக்கின் நுனிவரை வந்து வரிசையில் நின்றன. "உன் ஞாபகம் வரலண்ணா," என்றாள். சொன்னபிறகுதான் அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று தெரிந்தது. மடியிலிருந்த கையை வலது கையால் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டான், மருத்துவர் தினமும் செய்யச் சொன்னது. "எனக்கே சில நாள் ஞாபகம் வராது," என்றான். "காலைல எந்திரிக்கறப்ப ரெண்டு கையையும் ஊனி எந்திரிக்கப் பாப்பேன். அப்படியே அந்தப் பக்கமாச் சாஞ்சு விழுவேன். சுதாமணி சிரிப்பா." சுண்டுவிரலை நீட்டிவிட்டான். அவளுக்குள் ஏதோ ஒன்று அவசரமாக எழுந்து, மன்னித்துவிட்டான், மன்னித்துவிட்டான் என்றது. அது உட்காருவதற்குள் அவன் சொன்னான். "ஆனா எனக்கு வராம இருக்கலாம். உனக்கு வந்திருக்கணும் வாணி. அது உன் வேலை." குரல் ஏறவில்லை. அவள் தலையை ஆட்டினாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதால் அவன் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவன் தலையில் கட்டக்கூடாது. மேல்வரிசைப் பல்லால் கீழுதட்டைப் பிடித்துக்கொண்டு காலண்டரின் கட்டங்களைப் பார்த்தாள்.

"நாளைக்குப் போய்ச் சொல்றேண்ணா," என்றாள் கடைசியில். "செய்வாங்களான்னு தெரியல. குழுவே கலைஞ்சு போச்சு. ஆனா சொல்றேன்." பூபதி இப்போதுதான் முழுசாகத் திரும்பினான். "என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டான். நிலைப்படியில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த அந்தப் பேச்சு முழுவதும் அவள் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். "அண்ணனுக்கு ஒரு கை வராது, அதனாலன்னு சொல்லாத," என்றான் அவன். "அப்படிச் சொன்னா எல்லாரும் உன்னையப் பாப்பாங்க. பாவம்னு எனக்காக ஒண்ணு செஞ்சு குடுப்பாங்க. எனக்கு அது வேண்டாம்." "வேற என்னன்னு சொல்றது?" "காசு குடுத்து வாங்கின ஒருத்தன் ஆட முடியலைங்கறான்னு சொல்லு. அது போதாதா?"

அண்ணி காப்பியோடு உள்ளே வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வாணி நின்றபடியே மனதில் அந்தக் கண்ணாடி அறைக்குள் மறுபடி ஒருமுறை நுழைந்து பார்த்தாள், இந்தமுறை அண்ணன் இல்லாமல். சார், ஒருத்தர் வாங்கியிருக்கிறார், ஆட முடியவில்லை என்கிறார். வாக்கியம் மொட்டையாக நின்றது. குரல் உடைவதற்கு அதில் எங்கேயும் இடமில்லை. யார் கண்ணும் கலங்கவில்லை, யாரும் எழுந்து வந்து தோளைத் தொடவில்லை. கிளெமென்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஏன் ஆட முடியவில்லை என்று கேட்டார். விசை மாற்றம் இல்லை சார். ஏன் இல்லை, நாம் பேசினோமே, யார் வேண்டாமென்றது என்றார். ஃபர்சானா குனிந்துகொண்டாள், அவளுக்குத் தெரியும், சொல்லமாட்டாள். மேசையைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தார்கள். நான்தான் என்று வாணி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அது போதும்ணா," என்றாள்.